மிச்ச மை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
மாடிப்படி ஏறினால் எங்கள் கடை.
ஆறுக்கு நாலு, பத்துக்கு எட்டு,
பூப்புனித நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி.
அஞ்சலிக்கென்று என்னிடம் ஒரு வானம் இருக்கிறது.
மேகம் பிளந்து கதிர் இறங்கும்,
இடப்பக்கம் இரண்டு புறா.
ஒன்பது வருடமாக அதே வானம்.
அதில் எத்தனை பேரை ஏற்றினேன் என்ற கணக்கு
மேக்சன் அண்ணனின் பில் புத்தகத்தில் இருக்கும்.

அக்காவுக்கும் அதுதான்.

ஜெனோபா. முப்பத்தாறு.
ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து வந்தவள்.
குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
பாறைப்பொடி ஏற்றிய டாரஸ்.

நல்ல போட்டோ ஒன்றுதான் இருந்தது,
சித்தி மகன் கல்யாணத்தில் எடுத்தது.
பச்சைப் பட்டு, பல் தெரியும் சிரிப்பு,
தோளில் ஒரு கை.
என் கை.

"நீ செய்யாண்டாம், நாகர்கோவில்ல குடுப்போம்"
என்றார் அண்ணன். நான்தான் உட்கார்ந்தேன்.
பக்கத்துப் பச்சையைக் கிள்ளிக் கிள்ளி
விரல்மேல் ஒட்டினேன்.
சுண்டுவிரல் போயிற்று. மோதிரம் போயிற்று.
நாலு நிமிட வேலை,
விடியும்வரை செய்தேன்.
யாரும் தொடாத தோளோடு
அவள் வானத்துக்கு ஏறினாள்.

பிறகு எந்த முகம் வந்தாலும்
தோளைத்தான் பார்த்தேன்.
வேட்பாளரின் தோள், முதல் பிறந்தநாள் குழந்தையின் தோள்.
சோறு இறங்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
இறங்கியது. வெட்கமாக இருந்தது.

பிரிண்டரின் கீழே ஒரு கேன் உண்டு.
ஹெட்டைக் கழுவும்போது வடிகிற மை
எல்லாம் அதில் சேரும்.
நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு
ஊறி ஊறி, அழுகிய அயனிச்சக்கை போல
பேரில்லாத ஒரு நிறம்.
மாதம் ஒருமுறை கொட்டுவது என் பொறுப்பு.

இடவப்பாதி மழையில் ஒரு ராத்திரி
நான் அதைக் கொட்டவில்லை.
அச்சு பிழைத்த ஃப்ளெக்ஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு
வெள்ளைப் பக்கத்தில் கேனைச் சரித்தேன்.
ஓடியது. ஓடவிட்டேன்.
மூலை வரை போனதை
உள்ளங்கையால் தடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது.
கதிர் எதுவும் இறங்கவில்லை.
அன்று தூங்கினேன்.

மறுநாளும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.
அதற்கு மறுநாளும்.
தேங்காய்த் தொண்டால் இழுத்தேன்,
தேய்ந்த ரப்பர் செருப்பால் வழித்தேன்.
ஒருநாள் முழுக்கக் குறுக்குக் கோடுகள்;
பாலத்துக் கம்பி போலத் தெரியத் தொடங்கியதும்
எல்லாவற்றையும் கலக்கினேன்.
கண் மாதிரி ஏதாவது எட்டிப் பார்த்தால்
உடனே துடைத்துவிடுவேன்.
முகம் செய்து சலித்தவன் நான்.

"என்னதுடே இது?"
"தெரியாது அண்ணே."
"தெரியாததுக்கு இவ்வளவு மையா?"
அடுத்த வாரம்
கருங்கல் கடையின் கேனும் வந்து சேர்ந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா ஒன்றை எடுத்து
விறகுப்புரை மேல் கட்டினாள்.
"நனையாது, கேட்டியா."
மைப்பக்கம் உள்ளே இருக்க,
கீழே நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள்.
"இந்த மூலை கொள்ளாம்" என்று
மஞ்சள் கறுப்புக்குள் கலங்குகிற ஓரிடத்தைத் தொட்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
இப்போது விறகெடுக்க
அவளுக்கு நேரமாகிறது.

நகக்கண்ணில் மை போவதில்லை.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும்
மோதிர இடுக்கில் ஒரு கோடு நிற்கும்.
சில ராத்திரி ஒன்றும் வருவதில்லை,
சும்மா மையை நாறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்று ஒருவர் வந்தார், அருமனைக்காரர்.
செல்போனில் மனைவியின் போட்டோ.
"இந்தக் கைய மட்டும் எடுத்துருங்க."
"ஆருக்க கை?"
"எனக்க மகளுக்க."
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பாதி அழிந்த மருதாணி,
பிளாஸ்டிக் வளையல்,
சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"கெடக்கட்டு அண்ணே."

அவர் என் நகங்களைப் பார்த்தார்.
பிறகு படத்தை.
பத்துக்கு எட்டு போதுமா என்று கேட்டார்.
காலை ஒன்பது மணிக்குள் வேண்டுமாம்.